மேனேஜர் முகத்தின் வரவு செலவு

புரட்டாசி 8, செவ்வாய்

கோமதி அம்மன் துணை.

வீட்டுக்காரர் மேனேஜர் ஆகி இன்றோடு முப்பத்தேழு நாள். கணக்கு நோட்டின் பின்பக்கம் சும்மா கிடக்கிறது. இன்றிலிருந்து அதில் எழுதப் போகிறேன். முன்பக்கம் பருப்பு, எண்ணெய், பால். பின்பக்கம் அவர் முகம்.

காரணம் இருக்கிறது. அவர் வாயால் எதையும் சொல்கிற ஆள் இல்லை. இருபத்தாறு வருடம் விசைத்தறிச் சத்தத்துக்குள் நின்றவர், அதில் பதினோரு வருடம் மேஸ்திரி. அவரை நான் பார்த்துத்தான் படித்துக்கொண்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பெல்லாம் கடையில் பொட்டலம் கட்டித் தந்த தாளில். பொட்டலத் தாளில் பாதி வரி எண்ணெயில் போய்விடும். இவரிடம் அந்தத் தொல்லை இல்லை. சட்டைப் பொத்தானை மேலிருந்து அவிழ்த்தால் நல்ல நாள். கீழிருந்து அவிழ்த்தால் கெட்ட நாள். வாசலில் இரண்டு தடவை கால் கழுவினால் எதையோ ஒளிக்கிறார்.

இன்று நான்கு தடவை கழுவினார்.

கையில் ஓர் அட்டைப்பெட்டி. திறந்து பார்த்தேன். ஆரஞ்சு மிட்டாய் போல, ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கோத்து, மெத்து மெத்தென்று என்னவோ இருந்தது.

"என்னங்க இது?"

"இயர் பிளக். தறிச் சத்தம் காதக் கெடுக்காம இருக்க, உள்ள சொருகிக்கிடணும்."

துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் புரட்டாசி இருபத்தொன்பதாம் தேதி கம்பெனியைப் பார்க்க வருகிறார்களாம். அன்றைக்கு நாற்பது பேர் காதிலும் இது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் இல்லை. சின்ன முதலாளி இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். நாற்பது பேரைக் கேட்க வைக்க இவரால் முடியவில்லை என்றால், கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்த ஒருவர் தயாராக இருக்கிறாராம். அவர் மேனேஜர் நாற்காலிக்கு வருவார், இவர் பழையபடி மேஸ்திரி.

இதைச் சொல்லிவிட்டு ஐந்தாவது தடவையாகக் கால் கழுவப் போனார்.

புரட்டாசி 9, புதன்

"மதினி, மறைக்காமச் சொல்லுங்க, யாரு செத்தது?" என்று கேட்டுக்கொண்டே சண்முகவடிவு உள்ளே வந்தாள். எதிர்வீடு. அதே கம்பெனியில் பதினாலு வருடமாகத் தறி ஓட்டுகிறாள்.

"யாரும் சாகலையே வடிவு."

"அப்ப அண்ணாச்சி ஏன் அப்படி நின்னாக? தறியெல்லாம் நிப்பாட்டியாச்சு. ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, தரையப் பாத்துக்கிட்டு, மூணு மட்டம் செருமுனாக. போன மேனேஜர் தறிய நிப்பாட்டிச் செருமுனது வாட்ச்மேன் தாத்தா செத்த அன்னைக்குத்தான். 'உங்க நன்மைக்காக ஒரு மாற்றம்'னாக. கடைசியில பாத்தா, காதுல பஞ்சு வைக்கணுமாம்! உயிரோட இருக்கவளுக்கு யாராவது பஞ்சு வைப்பாகளா? பொணத்துக்குல்லா வைப்பாக!"

"அது பஞ்சு இல்லடி, ஸ்பாஞ்சு."

"என்னவோ. அண்ணாச்சி மூஞ்சிய வச்சுப் பாத்தா பஞ்சுதான்."

பெட்டியை நடுவில் வைத்தாராம். ஒருவரும் தொடவில்லையாம்.

இன்றைய கணக்கு. வரவு: இல்லை. செலவு: செருமல் 3, கை ஒளிப்பு 1, தரையைப் பார்த்தது முழு நேரமும்.

புரட்டாசி 11, வெள்ளி

அம்மன் கோயில். புற்றுமண் வாங்கி இருவரும் நெற்றியில் இட்டுக்கொண்டோம். தீபாராதனை மணி அவருக்கு இடப்பக்கம், நாலடி தள்ளி, கணகணவென்று அடித்தது. முடிந்த பிறகு, "இன்னும் மணி அடிக்கலையா?" என்று கேட்டார். பக்தியில் மூழ்கிவிட்டார் போலிருக்கிறது.

அவர் பிரகாரம் சுற்றும்போது கடையில் ஒரு வெள்ளிக் காதுத் தகடு வாங்கி உண்டியலில் போட்டேன். காணிக்கைதான். "வலதா இடதாம்மா?" என்றார் கடைக்காரர். இடதுதான் நன்றாகப் பளபளத்தது.

புரட்டாசி 12, சனி

புரட்டாசிச் சனி. பெருமாளுக்குப் பாயசம், வடை, சுண்டல். சாயங்காலம் தங்கமாடன் வந்தார். தறிக்காரர்களில் மூத்தவர். அவர் தலையாட்டினால் நாற்பது தலையும் ஆடும். வீட்டுக்காரர்தான் வரச் சொல்லியிருந்தார்.

தங்கமாடன் பாயசத்தை வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "அண்ணாச்சி, தறியில நூலச் சுமந்துக்கிட்டு நாடாக்கட்டை இங்கயும் அங்கயும் ஓடுதுல்லா, அந்தச் சத்தத்த வச்சுத்தான் தறிக்கு என்ன நோக்காடுன்னு நான் சொல்லுவேன். காத அடைச்சா நான் குருடன் மாதிரி. இதுக்கு என்ன பதில் சொல்லுதீக?"

நியாயமான கேள்வி. பதிலுக்காக நானும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் சிரித்த முகமாக, "இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லவா?" என்றார்.

தங்கமாடன் முகம் சுண்டிவிட்டது. "வேண்டாம் மேனேஜர் சார். வயிறு நெறஞ்சிருச்சு" என்று எழுந்து போய்விட்டார். இருபது வருடமாக அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய். சார் என்று சொல்லிவிட்டுப் போகிறது.

தப்பு என்னுடையதுதான். தங்கமாடனுக்கு வீட்டுக்காரரின் இடப்பக்கம் பலகையைப் போட்டேன். வலப்பக்கம் போட்டிருக்க வேண்டும். வலப்பக்கம்தான் காற்று நன்றாக வரும்.

புரட்டாசி 14, திங்கள்

அம்மன் கைவிடவில்லை. பொட்டுக்கடலை கட்டி வந்த தாளில், 'ஊழியர்களிடம் மாற்றத்தை அறிவிக்கும் மேலாளரின் உடல்மொழி' என்று போட்டிருக்கிறது! மாவை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து வாசித்தேன்.

ஒன்று: உள்ளங்கைகளை விரித்துக் காட்டுங்கள், ஒளிவுமறைவு இல்லை என்று பொருள். இரண்டு: கேட்பவரின் கண்ணைப் பாருங்கள். மூன்று: புன்னகை செய்யுங்கள். நான்கு: ஆனால் ஒருபோதும்... அதோடு தாள் கிழிந்திருக்கிறது. கடைக்குத் திரும்பப் போய்த் தேடினேன். மீதித் தாளில் வேறு யாரோ வெல்லம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

மூன்று போதாதா? பீரோக் கண்ணாடி முன்னால் அவரை நிறுத்திப் பயிற்சி கொடுத்தேன். கையை விரித்தார். கண்ணைப் பார்த்தார். சிரிக்கச் சொன்னேன்.

"பல்லு தெரியணுமா?"

"கொஞ்சம்."

"இம்புட்டுப் போதுமா?"

"அது பல் டாக்டர்ட்ட காட்டுத மாதிரி இருக்கு. மகள் கல்யாணத்துல சம்பந்திகிட்ட சிரிச்சீகளே, அப்படி."

"அது பயத்துல சிரிச்சதுளா."

"அதேதான். அப்படியே பிடிங்க."

பேட்டரியில் ஓடுகிற கம்பெனிக் கைமைக்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார், பயிற்சிக்காக. 'ஹலோ ஹலோ' என்றதில் கொல்லையில் இருந்த கோழி அடைகாப்பதை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

புரட்டாசி 16, புதன்

வடிவு ஓடி வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"மதினி, கம்பெனிய மூடப் போறாகளா?"

"ஐயய்யோ, யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? அண்ணாச்சிதான் கைய விரிச்சிட்டாகளே! ரெண்டு கையவும் இப்படி, ஒண்ணுமில்லைங்க மாதிரி விரிச்சிட்டு, ஒவ்வொருத்தர் மூஞ்சியவும் குறுகுறுன்னு பாத்தாக. எம் மூஞ்சிய மட்டும் ஒரு நிமிசம். கணக்கு எடுக்காகளோ, யார நிப்பாட்டலாம்னு தரம் பாக்காகளோன்னு நான் தூணுக்குப் பின்னால போயிட்டேன். அதுக்கு மேல, மதினி, தப்பா நெனைக்காதீக..."

"சொல்லு."

"சிரிச்சாக."

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

"இருபது வருசத்துல அண்ணாச்சி சிரிச்சு நாங்க பாத்ததில்ல. பின்னால நின்ன ரெண்டு பேரு அழுதுட்டாக."

பெட்டி நடுவிலேயே இருக்கிறதாம். சின்ன முதலாளி கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாராம். கோயம்புத்தூர் ஆளிடம் போனில் பேசினார் என்று கேள்வி.

அந்த நான்காவது 'ஒருபோதும்' என்னவாக இருந்திருக்கும்? முதல் மூன்றையும் சேர்த்துச் செய்யாதீர்கள் என்றுதான் இருந்திருக்கும்.

புரட்டாசி 17, வியாழன்

ரசத்தில் புளி தூக்கல்.

புரட்டாசி 19, சனி

மதியச் சாப்பாட்டுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நானே எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருடத்தில் தறிக்கூடத்துக்குள் போவது இதுதான் முதல் தடவை.

அம்மா தாயே! அது சத்தம் இல்லை, அடி. நாற்பத்தெட்டுத் தறியும் சேர்ந்து நெஞ்சுக்குள் புகுந்து குத்துகிறது. நான் "ஏங்க!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

ஆனால் அங்கே யாரும் கத்தவில்லை. எல்லாரும் கையால் பேசுகிறார்கள். வடிவு அந்தக் கோடியிலிருந்து இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒட்டி, வெடுக்கென்று பிரித்தாள்: இழை அறுந்துவிட்டது. தங்கமாடன் இந்தக் கோடியிலிருந்து விரலை முறுக்கிக் காட்டினார்: நீயே முடிச்சுப் போடு. தூக்குவாளியைப் பார்த்துவிட்டு ஒருத்தி மூக்கைத் தொட்டு வயிற்றைத் தடவினாள்: மணக்குது, எங்களுக்கு இல்லையா? எனக்குக்கூடப் புரிந்தது!

அப்போதுதான் இவரைப் பார்த்தேன். மூலையில் ஒரு தறி மக்கர் செய்ய, ஃபிட்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். கையால்தான். அந்தக் கை என்ன கை! தட்டுகிறது, திருகுகிறது, கேலி செய்கிறது, ஃபிட்டர் பேரனின் நடையைக்கூட நடித்துக் காட்டுகிறது. புருவம் ஒன்று சொன்னால் தோள் அதற்கு மறுமொழி சொல்கிறது. ஃபிட்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். வீட்டில் முப்பது வருடமாக நான் படித்தது பொட்டலத் தாள்தான். முழுப் புத்தகம் இங்கே இருந்திருக்கிறது.

என்னைக் கண்டதும் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மேனேஜர் ஆகிவிட்டார்.

புரட்டாசி 21, திங்கள்

கேட்டுவிட்டேன். "கூடத்துல அவ்வளவு அழகாப் பேசுதீகளே. அதே மாதிரி கையால சொல்ல வேண்டியதுதான?"

"மேனேஜர் கைய ஆட்டிப் பேசக் கூடாதுளா. சின்ன முதலாளி மொத நாளே சொல்லிட்டாரு. மேஸ்திரிதான் ஆட்டுவான். மேனேஜர்னா மைக்குல பேசணும், கை அடங்கியிருக்கணும்."

"கை அடங்கினா வாயும் அடங்குதே உங்களுக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. இடப்பக்கம் நின்று கேட்டேன் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. சுற்றிப் போய் வலப்பக்கம் நின்று மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கேட்டது, சட்டைப் பொத்தானைக் கீழிருந்து அவிழ்த்தார்.

"அதுல என்னத்தச் சொல்ல? எதுக்கு வைக்கச் சொல்லுதேன்னு கேப்பான். சத்தம் காதக் கெடுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான்" என்றார் சுவரைப் பார்த்து.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இட்லிக்கு அரைக்க வேண்டியிருந்தது.

புரட்டாசி 25, வெள்ளி

ஆயுத பூஜை. கூடத்தில் தறிகளுக்கெல்லாம் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், மாலை. குடும்பத்தோடு போயிருந்தோம்.

எனக்கு ஒரு யோசனை. இயர் பிளக் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பூச்சூட்டி, பூஜையில் நடுவாக வைத்துவிட்டேன். அம்மன் முன்னால் வைத்து எடுத்ததை யார் வேண்டாம் என்பார்கள்? பிரசாதம் போல ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொள்ளட்டும்.

பொரி எடுத்தார்கள். கடலை எடுத்தார்கள். சுண்டல் இரண்டு தடவை எடுத்தார்கள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். சாமியாக்கிவிட்டேன். சாமியை யார் காதில் சொருகுவார்கள்?

சின்ன முதலாளி நல்ல பிள்ளைதான். என்னிடம் வந்து மெதுவாக, "அத்தை, செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். சொல்லும்போது தன் கைக்கடிகாரத்தை மூன்று தடவை திருகினார். அவருக்கும் மனசு இல்லை. செலவில் எழுதாமல் வரவில் எழுதிக்கொண்டேன்.

புரட்டாசி 27, ஞாயிறு

அவர் குளிக்கப் போனபோது ஒரு ஜோடியை எடுத்து என் காதில் சொருகிப் பார்த்தேன். மிக்சி ஓடுவது யாரோ தூரத்தில் முனகுவது போல இருந்தது. குக்கர் விசில் வருவது தெரியவில்லை. பால் பொங்கியது தெரியவில்லை. குளியலறையிலிருந்து அவர் நாலைந்து தடவை துண்டு கேட்டாராம், தெரியவில்லை. அடுக்களையில் நான் தனியாக, எங்கோ கிணற்றுக்குள் நிற்பது போல நின்றேன்.

ஒருவருக்கு எப்போதும் இப்படியே இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். யாரையும் மனதில் வைத்து அல்ல. பொதுவாக.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண்ணில் தண்ணீர்.

நாளைக் காலை ஆறு மணி ஷிப்ட் மாறும்போது, வாசலில் நின்று மைக்கில் கடைசியாக ஒருமுறை பேசப் போகிறாராம். நாலு வரி எழுதி மனப்பாடம் செய்கிறார். மைக் மேசை மேல் இருக்கிறது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் இரண்டு நாளாக நின்றுபோய்க் கிடக்கிறது. பேட்டரி மாற்ற வேண்டும்.

புரட்டாசி 28, திங்கள்

கடிகாரம் ஓடுகிறது.

காலை ஏழரைக்கு வடிவு வந்தாள். இன்று அவள் பேசவே இல்லை. என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நின்றுகொண்டு, கையாலேயே எல்லாவற்றையும் செய்து காட்டினாள். நடுநடுவே மட்டும் வாயால் நாலு வார்த்தை.

மைக் வேலை செய்யவில்லை. தட்டியிருக்கிறார், ஊதியிருக்கிறார், உயிர் வரவில்லை. வாயால் கத்தினால், உள்ளே ஓடுகிற தறிச் சத்தத்தில் முன்வரிசைக்கே கேட்கவில்லை. நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுதிய காகிதத்தைப் பார்த்திருக்கிறார். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தறிக்கூடத்தின் நடுவுக்கே போய் நின்று, எல்லாரையும் வரச் சொல்லி முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எடுத்திருக்கிறார்.

தன்னைக் காட்டினார். நாடா போவது போலக் கையை இங்கும் அங்கும் ஓட்டினார். பத்து விரல், மறுபடி பத்து விரல், அப்புறம் ஆறு. இருபத்தாறு வருடம்.

பிறகு இடது காதைத் தொட்டார். இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒட்டி, வெடுக்கென்று பிரித்தார்.

இழை அறுந்துவிட்டது.

தங்கமாடன் தன்னை அறியாமல் விரலை முறுக்கிக் காட்டினாராம், பழக்கத்தில்: முடிச்சுப் போடலாமே.

இவர் தலையை ஆட்டினார். இல்லை. இதை முடிச்சுப் போட முடியாது.

பிறகு ஒவ்வொருவர் காதாகக் காட்டினார். விரல்களை ஒட்டியே பிடித்தார். அறுக்கவில்லை. ஒரு ஜோடியை எடுத்து, மிச்சமிருக்கிற வலது காதில் முதலில் தானே சொருகிக்கொண்டார்.

"அப்ப அண்ணாச்சி சிரிக்கல, செருமல, ஒண்ணுமில்ல மதினி" என்றாள் வடிவு. "கை மட்டுந்தான் பேசுச்சு. எங்களுக்கு அது போதும்லா. தங்கமாடண்ணன்தான் மொதல்ல போய் எடுத்தாக. காதுல வச்சுட்டுத் தறிச் சட்டத்துல கைய வச்சுப் பாத்தாக. 'கைக்குக் கேக்குது'ன்னு சைகை காட்டுனாக. அன்னைக்குப் பாயசம் குடிக்கும்போது கேட்டதுக்கு இன்னைக்குத்தான் பதில் கெடைச்சுதுன்னு எங்கிட்டச் சொன்னாக. நானும் வச்சிக்கிட்டேன். இந்தா பாருங்க."

காதோரத்தில் ஆரஞ்சு மிட்டாய் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சந்தனம்.

புரட்டாசி 29, செவ்வாய்

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். நாற்பது பேர் காதிலும் இருந்தது. வந்தவர் ஒருவர், உபயோகமாக இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். யார் காதிலும் விழாததால் யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு அதுவே திருப்தியாம். ஆர்டர் உண்டு. கோயம்புத்தூர் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. கை ஆட்டக் கூடாது என்று சொன்னதைச் சின்ன முதலாளி தானாகவே வாபஸ் வாங்கிக்கொண்டார். எல்லாரும் மறுபடி அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவை கால் கழுவினார். பொத்தான் மேலிருந்து.

புரட்டாசி 30, புதன்

சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார். "ஒனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"எதுங்க?"

இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"முந்தாநாள் வடிவு சொல்லித்தான் தெரியும்."

"அப்ப மூணு வருசத்துக்கு முன்ன கட்டில எதுக்குச் சுத்திப் போட்ட? எப்பவும் எனக்கு வலது பக்கமாவே படுக்கியே?"

"வாஸ்து."

"ஓகோ. சாப்பிடும்போதும் வலது பக்கம்?"

"காத்து."

சிரித்தார். கண்ணாடி முன்னால் பழகிய சிரிப்பு இல்லை. தறிக்கூடத்தில் ஃபிட்டரைச் சிரிக்க வைத்த அந்த முகம். வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். சரி என்றார். இரண்டையும் வரவில் எழுதிக்கொண்டேன்.

பிறகு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஒரு பேட்டரிதான ஆவுடை? மைக்குல நாலுல்லா கிடந்துச்சு. மத்த மூணு எங்க?"

பொட்டலத் தாளில் போட்டிருந்தபடி அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். கொஞ்சமாகப் புன்னகை செய்தேன். ஒளிவுமறைவு இல்லை என்று தெரியும்படி இரண்டு உள்ளங்கையையும் நன்றாக விரித்துக் காட்டினேன்.